நோய் வந்த வீட்டுக்காக ஊர் பணம் திரட்டுவது: முதல்முறை இறங்குகிறவர்களுக்கு

குமரி மாவட்டத்தில் இதைப் ‘பிரிவு’ என்போம். திருவிழாவுக்குப் பிரிவு, வாசகசாலை ஆண்டுவிழாவுக்குப் பிரிவு, சிகிச்சைக்குப் பிரிவு. சொல் ஒன்றுதான். ஆனால் திருவிழாப் பிரிவுக்கு வருகிறவர் முற்றத்தில் நின்றே சத்தமாகக் கூப்பிடுவார். சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர் திண்ணையில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, முதலில் நோயாளியின் பெயரைச் சொல்வார்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கல்குளம் தாலுகாவில், ரப்பர் தோட்டமும் மரச்சீனி விளையும் கலந்து கிடக்கும் ஒரு சின்ன ஊர். பல வருடங்களாக அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிறேன். இப்போது பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள்: “சாரே, எங்க ஊர்ல ஒரு அக்காவுக்குக் கேன்சர். என்ன செய்யணும், எங்க தொடங்கணும்?” அவர்களிடம் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அடிப்படை எளிது. ஒரு வீட்டால் தாங்க முடியாத செலவைப் பல வீடுகள் தங்களுக்கு வலிக்காத அளவில் பிரித்துச் சுமக்கின்றன. 300 வீடுள்ள ஊரில் வீட்டுக்கு 500 ரூபாய் என்றால் 1,50,000 ரூபாய். அதே தொகையை ஒரு பணக்காரரிடம் கேட்டு வாங்குவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஒருவர் கொடுத்தால் அந்தக் குடும்பம் ஆயுள் முழுக்க அவர் முன்னால் குனிந்து நிற்க வேண்டிவரும். 300 வீடு கொடுத்தால் யார் முன்னாலும் குனிய வேண்டியதில்லை. கன்னியாகுமரிக் கடலுக்குள் நிற்கும் விவேகானந்தர் மண்டபத்துக்கு ஏக்நாத் ரானடே நிதி திரட்டியபோது, அரசுகளிடமும் செல்வந்தர்களிடமும் கேட்டதோடு நிற்காமல், நாடெங்கும் சாதாரண ஜனங்களிடம் ஒரு ரூபாய் இரண்டு ரூபாயாகவும் வாங்கினார். 1970-இல் மண்டபம் திறந்தபோது அது லட்சக்கணக்கானவர்களின் மண்டபமாக இருந்தது. சிறு தொகைக்கு அந்தப் பலம் உண்டு. கொடுத்தவர் எல்லோருக்கும் அதில் ஓர் உரிமை வந்துவிடுகிறது. நோயாளி தேறி வரும்போது ஊரே போய்ப் பார்ப்பது அந்த உரிமையில்தான்.

இதைச் சுருளோடும், சிட்டி என்று நாம் சொல்லும் சீட்டோடும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கல்யாண வீட்டில் நாம் வைக்கும் சுருள் நோட்டில் ஏறும். அவர்கள் வீட்டு விசேஷத்தில் நாம் வைத்தது, நம் வீட்டு விசேஷத்தில் திரும்பி வரும். மற்ற மாவட்டங்களில் மொய் என்பது இதுதான். சிட்டி முழுக்கக் கடன் கணக்கு. எடுத்தவர் மாதாமாதம் கட்டியே தீர வேண்டும். சிகிச்சைப் பிரிவு திரும்பி வராத பணம். கொடுக்கும்போதே அது போய்விட்டது என்று கொடுப்பவருக்குத் தெரிய வேண்டும். “பிறகு திருப்பித் தந்துவிடுவார்கள்” என்று சொல்லி யாரிடமும் வாங்காதீர்கள். வாங்கினால் அது கைமாற்று. நோயிலிருந்து எழுந்து வருகிற குடும்பத்தின் தலையில் ஐம்பது கைமாற்றுகளை ஏற்றி வைப்பது உதவி ஆகாது.

கேட்பவர் வேறு, பெறுபவர் வேறு

எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல அனுமதி உண்டென்றால் இதைத்தான் சொல்வேன். நோயாளியின் வீட்டார் பணம் கேட்டு நடக்கக் கூடாது. வேறு ஆட்கள்தான் நடக்க வேண்டும்.

குலசேகரம் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் ஒரு தொழிலாளி. மனைவிக்கு இரத்தப் புற்றுநோய், திருவனந்தபுரத்தில் சிகிச்சை. அவரே வீடு வீடாக ஏறி இறங்கினார். காலையில் மரம் வெட்டிவிட்டு, பாலெடுத்துக் கொடுத்துவிட்டு, மத்தியானம் பிரிவுக்குப் போவார். என் வீட்டுக்கும் வந்தார். ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். “சாரே, நான் யார்கிட்டயும் கை நீட்டிப் பழகல்ல. வீட்டுக்கு முன்னால வந்து நின்னா நாக்கு எழும்ப மாட்டேங்குது” என்றார். பல வீடுகளில் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு, கேட்காமலே திரும்பியிருக்கிறார். அந்த மாதம் முழுக்க மனைவியின் பக்கத்தில் இருக்க வேண்டிய மனிதன் ரோட்டில் நடந்துகொண்டிருந்தார். அவள் கட்டிலில் தனியாகக் கிடந்தாள். அந்த அம்மா இப்போது இல்லை. அவர் இழந்த அந்த நாட்களை எந்தப் பிரிவாலும் திருப்பித் தர முடியவில்லை. ஊர் என்று ஒன்று இருந்தும் அவரை நடக்க விட்டோமே என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு கமிட்டி வைத்தோம். ஐந்து போதும். அதில் பெண்கள் இரண்டு பேராவது வேண்டும், ஏனென்றால் நோயாளி பெண்ணாக இருந்தால் உண்மையான தேவையை அவர்களிடம்தான் சொல்வாள். நோயாளியின் நெருங்கிய உறவினர் ஒருவர் கமிட்டியோடு பேசலாம், ஆனால் பணத்தை அவர் வசூலிக்கக் கூடாது. ஊரில் எல்லாத் தரப்புக்கும் நம்பிக்கையான ஒருவர் கணக்கு எழுத வேண்டும். எங்கள் ஊரில் அது தையல் கடை நடத்தும் ஒரு அக்கா. வாங்கிய துணிக்கும் கொடுத்த துணிக்கும் இத்தனை வருடத்தில் ஒரு தகராறு வந்ததில்லை. அதைவிடப் பெரிய தகுதி வேண்டுமா?

பிரிவுக்கு முன் தட்ட வேண்டிய கதவுகள்

நோய் என்று கேட்டவுடன் நோட்டு வாங்க ஓடுவதுதான் வழக்கம். பொறுங்கள். முதல் இரண்டு நாளை அலுவலகங்களுக்குச் செலவிடுங்கள். சட்டப்படி கிடைக்க வேண்டியதை வாங்கிய பிறகு மிச்சமிருக்கும் பள்ளத்தை நிரப்பத்தான் ஊர்ப்பணம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். 2018 முதல் இது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது. அட்டை எடுக்கவே இல்லை என்று பல குடும்பங்கள் சொல்லும். நோய் வந்த பிறகும் பதியலாம். குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலர் வழியாக வருமானச் சான்று ஆகியவற்றோடு நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வீட்டாருக்கு இந்த அலைச்சலுக்கு நேரம் இருக்காது. இதைச் செய்து கொடுப்பதே கமிட்டியின் முதல் நன்கொடை. ஐந்து பைசா வசூலிக்காமல் லட்சக்கணக்கில் உதவுகிற வேலை இது. எழுபது வயது தாண்டியவர்களுக்கு 2024 முதல் வருமான வரம்பு பார்க்காமலே ஆயுஷ்மான் திட்டத்தில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. வீட்டில் பாட்டா, பாட்டி இருந்தால் அதையும் கேளுங்கள்.

எங்கள் மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், நூற்றாண்டுக்கும் மேலான மருத்துவ மிஷன் பாரம்பரியம் உள்ள நெய்யூரும் பக்கத்தில் இருந்தாலும், புற்றுநோய் என்றால் திருவனந்தபுரம் ஆர்.சி.சி., மூளை, இருதயம் என்றால் ஸ்ரீ சித்திரை என்று களியக்காவிளை தாண்டிப் போவது இங்கே தலைமுறை வழக்கம். 1956-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நோய்க்கு அங்கே போகிற கால்கள் மட்டும் இன்னும் மாறவில்லை. அதனால் எல்லை தாண்டும் முன் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: நம் அட்டை அந்த மருத்துவமனையில், இந்த நோய்க்குச் செல்லுபடியாகுமா? காப்பீட்டுத் திட்டத்தின் இலவச எண்ணிலும், அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலும், இரண்டு இடத்திலும் கேளுங்கள். இதைக் கேட்காமல் சேர்ந்துவிட்டுப் பிறகு பிரிவெடுக்க ஓடிய குடும்பங்களை எனக்குத் தெரியும்.

பிரதமரின் தேசிய நிவாரண நிதி பற்றிப் பலருக்குத் தெரியாது. தேசப் பிரிவினை அகதிகளுக்காக 1948 ஜனவரியில் தொடங்கிய நிதி. இன்று இருதய அறுவை, சிறுநீரக மாற்று, புற்றுநோய் சிகிச்சை போன்றவற்றுக்கு ஒரு பகுதித் தொகையை மருத்துவமனைக்கே நேராக அனுப்புகிறது. சிகிச்சைக்கு முன்பே விண்ணப்பிப்பது முக்கியம். நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் போய்க் கேட்டால் வழி காட்டுவார்கள். அரிய மரபணு நோய் என்றால் 2021-இல் வந்த தேசிய அரிய நோய்கள் கொள்கைப்படி, குறிப்பிட்ட சிறப்பு மையங்களில் 50 லட்சம் ரூபாய் வரை உதவிக்கு வழி இருக்கிறது. பெரிய மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். அவரைச் சந்திக்காமல் திரும்பாதீர்கள்.

எவ்வளவு வேண்டும்?

“கிடைக்கிறவரை பிரிப்போம்” என்று தொடங்கும் பிரிவு பாதியில் சோர்ந்துவிடும். தொகை தெரிந்தால்தான் கொடுப்பவருக்கும் ஒரு கணக்கு வரும். மருத்துவமனையிடம் உத்தேசச் செலவை எழுத்தில் வாங்குங்கள். முத்திரையும் நோயாளியின் பதிவு எண்ணும் அதில் இருக்க வேண்டும். காப்பீட்டில் எவ்வளவு கழியும், குடும்பத்தால் எவ்வளவு முடியும் என்று பார்த்து மீதியை எழுதுங்கள்.

பெரும்பாலும் இங்கேதான் தப்பு நடக்கிறது. ஆஸ்பத்திரி பில்லை மட்டும் கணக்கில் எடுக்கிறோம். குடும்பத்தை மூழ்கடிப்பது பெரும்பாலும் பில் அல்ல.

டயாலிசிஸை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். வாரம் மூன்று தடவை என்றால் வருடத்துக்கு 156 தடவை. உள்ளூரிலிருந்து ஆசாரிப்பள்ளத்துக்குப் போய்வர ஆட்டோவுக்கு 600 ரூபாய் என்று வையுங்கள். வருடத்துக்கு 93,600 ரூபாய். நோயாளியால் வேலைக்குப் போக முடியாது. கூடப் போகிறவருக்கும் 156 நாள் கூலி போயிற்று. அவர் அண்டி ஆபீசில் முந்திரி உடைக்கும் பெண் என்றால், வாரத்தில் பாதி நாள் போகாதவளுக்கு அங்கே எத்தனை நாள் இடம் இருக்கும்? இலவச சிகிச்சையின் செலவு இது. இது எந்தப் பில்லிலும் வராது, எந்தக் காப்பீட்டிலும் கழியாது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை, சொசைட்டியில் வைத்த நகைக்கு வட்டி, திருவனந்தபுரத்தில் தங்க அறை, மூன்று வேளைச் சாப்பாடு என்று எழுத எழுத நீளும்.

அதனால் நான் எப்போதும் இரண்டு தாளில் எழுதச் சொல்வேன். ஒன்றில் மருத்துவமனைச் செலவு. இன்னொன்றில் வீடு ஓடுவதற்கான செலவு. ஊரிடம் இரண்டையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். “சிகிச்சைக்கென்று வாங்கி அரிசி வாங்கினார்கள்” என்ற பேச்சு பிறகு எழாது. அரிசியும் சிகிச்சைதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எங்கே, எப்போது கேட்பது

குமரியில் இதற்கு ஆயத்தமான வழிகள் நிறைய. கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியங்கள் என்ற சிறு குடும்பக் குழுக்கள் இருக்கின்றன. முப்பது, நாற்பது குடும்பத்துக்கு ஒன்று. நோய் வந்த செய்தி அன்பியக் கூட்டத்துக்குத்தான் முதலில் வரும். வின்சென்ட் தே பவுல் சபை பல பங்குகளில் மாதாமாதம் சில வீடுகளைத் தாங்குகிறது. சி.எஸ்.ஐ. சபைகளில் கைப்பிடி அரிசி சேர்த்த பழக்கமும், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயைப் பல மடங்கு விலைக்கு எடுக்கிற மனமும் உண்டு. தக்கலை, திருவிதாங்கோடு, குளச்சல், திட்டுவிளை ஜமாஅத்துகளில் ஜகாத் இருக்கிறது. சேமிப்பில் நூற்றுக்கு இரண்டரை பங்கு. அதைப் பெறத் தகுந்தவர்களில் ஏழைகளும் கடனில் மூழ்கியவர்களும் வருகிறார்கள். ஊர்வகைக் கோவில்களுக்கு நிர்வாகம் இருக்கிறது. அய்யாவழியினரின் வழிபாட்டிடங்களான நிழல்தாங்கல்களில் அன்னதர்மம் செய்து பழகிய கைகள் இருக்கின்றன. ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு நாள் ஓட்டத்தை ஒதுக்குவார்கள். கடற்கரை ஊர்களில் ஏலத்தில் விற்ற மீனில் ஒரு பங்கு கோவிலுக்கு என்று எடுத்த மரபு பழையது. அதே கை நோய் வந்த வீட்டுக்கும் நீளும்.

ஆனால் ஒரு சமயத்தின் வழியாக மட்டும் போகாதீர்கள். எங்கள் ஊரில் பள்ளிவாசல் தலைவரும், சபை கமிட்டி உறுப்பினரும், கோவில் நிர்வாகியும் ஒரே ஆட்டோவில் பிரிவுக்குப் போனோம். அன்று வந்த தொகையைவிட, மூன்று பேரும் சேர்ந்து இறங்கியதைப் பார்த்து வாசலுக்கு வந்த முகங்கள்தான் எனக்கு நினைவிருக்கின்றன.

காலம் பார்த்துக் கேட்க வேண்டும். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த மாதங்களில் கடற்கரையில் பிரிவுக்குப் போவது, இல்லாதவனை இல்லை என்று சொல்ல வைக்கிற காரியம். மலையோரத்தில் மழை அடைத்துப் பெய்தால் ரப்பர் வெட்டு இல்லை. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் இதை நினைவில் வைக்கத்தான் வேண்டும். பள்ளி திறக்கிற ஜூன் மாதம் யாருக்குமே கை காலி. நோய் காலம் பார்த்து வருவதில்லை என்பீர்கள். சரிதான். அப்போது கடற்கரையில் பணத்துக்குப் பதில் இரத்தம் கேளுங்கள், ஆஸ்பத்திரியில் இரவு கூட இருக்க ஆள் கேளுங்கள். கடற்கரைப் பிள்ளைகள் யோசிக்காமல் வண்டி ஏறுவார்கள்.

கேரளத்தில் பரவிய பிரியாணி சேலஞ்ச் இப்போது இந்தப் பக்கமும் வந்துவிட்டது. முன்கூட்டி ஆர்டர் எடுத்து, ஒரே நாளில் சமைத்து, பொட்டலமாக வீட்டில் கொடுப்பது. நல்ல முறை, ஏனென்றால் வாங்குகிறவர் தர்மம் செய்வதாகவோ, குடும்பம் தர்மம் வாங்குவதாகவோ நினைக்க வேண்டியதில்லை. கணக்கை மட்டும் ஒழுங்காகப் பாருங்கள். 500 பொட்டலம், 150 ரூபாய் வீதம் 75,000 ரூபாய் வரும். ஒரு பொட்டலத்துக்கு அடக்கம் 80 ரூபாய் ஆனால் 40,000 போய், கையில் நிற்பது 35,000. அரிசியை ஒரு கடைக்காரரும் கோழியை இன்னொருவரும் தந்தால்தான் உழைப்புக்குப் பலன் தெரியும். பரிசுக் கூப்பன் குலுக்கல் மட்டும் வேண்டாம். அந்தப் பக்கம் கேரள அரசே காருண்யா லாட்டரி நடத்திச் சிகிச்சை நிதி சேர்த்தது உண்மை. ஆனால் தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. நல்ல காரியத்துக்கென்று போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்கக் கூடாது.

கணக்கு

நாங்கள் தொடங்கிய காலத்தில் ஒரு பெரிய தவறு செய்தோம். ஒரு சிறுவனின் இருதய அறுவைக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் சேர்ந்தது. முழுவதும் ஆஸ்பத்திரியில் கட்டினோம். பையன் நலமாகத் திரும்பினான். சந்தோஷத்தில் கணக்கு வாசிக்க மறந்தோம். ஒரு மாதத்தில் டீக்கடையில் பேச்சு கிளம்பியது. அந்த வீட்டுக்குப் புது ஓடு போட்டார்களாம், கமிட்டிக்காரர் பைக் வாங்கினாராம். ரசீது எல்லாம் எங்கள் கையில் இருந்தது. ஆனால் பேச்சு கிளம்பிய பிறகு காட்டுகிற ரசீதை யாரும் நம்பவில்லை. அடுத்த வருடம் இன்னொரு குடும்பத்துக்காகப் போனபோது பாதி வீடுகள் கதவைத் திறக்கவில்லை. எங்கள் அலட்சியத்துக்கு விலை கொடுத்தது, அந்தப் பணத்தைத் தொடாத, எங்கள் கணக்கில் எந்தப் பங்கும் இல்லாத வேறொரு குடும்பம். அதை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது.

இப்போது நாங்கள் செய்வது இது. எண் போட்ட ரசீதுப் புத்தகம். பத்து ரூபாய்க்கும் ரசீது. வசூலான பணம் அன்று மாலையே வங்கியில், முடியாவிட்டால் மறுநாள் காலையில். கணக்கு நோயாளியின் வீட்டில் ஒருவர் பெயரும் கமிட்டியில் ஒருவர் பெயரும் சேர்ந்த கூட்டுக் கணக்கு. இரண்டு கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாது. பெரிய தொகையை நோயாளியின் பதிவு எண்ணைக் குறித்து நேராக மருத்துவமனைக்கே அனுப்பிவிடுவோம். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் ஒருவர் கணக்குக்கு வந்தால், வருமான வரிச் சட்டம் அதை அவருடைய வருமானமாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. அதனால் பெரிய வசூல் என்றால் தொடங்கும் முன்பே ஓர் ஆடிட்டரிடம் அரைமணி நேரம் பேசுங்கள். அதோடு, தனிநபருக்குக் கொடுக்கும் பணத்துக்கு 80ஜி என்று சொல்லும் நன்கொடை வரிச்சலுகை கிடையாது; கிடைக்கும் என்று சொல்லி வாங்காதீர்கள்.

வாரம் ஒரு முறை வாசகசாலைச் சுவரில் ஒரு தாள் ஒட்டுவோம். இதுவரை வந்தது, செலவானது, கையிருப்பு. யார் எவ்வளவு கொடுத்தார் என்று மட்டும் ஒட்டமாட்டோம். 50 ரூபாய் கொடுத்த கைம்பெண்ணின் பெயரை 10,000 கொடுத்தவர் பெயருக்குக் கீழே போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. ரசீது அவரவர் கையில் இருக்கிறது, அது போதும்.

படம், பெயர், மானம்

நோயாளியின் சம்மதம் இல்லாமல் எதுவும் வெளியே போகக் கூடாது. ஒரு ஜங்ஷனில் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணின் படத்தைப் பெரிய ஃப்ளெக்ஸாக வைத்துப் பிரிவெடுத்தார்கள். முடி கொட்டிய முகம், மூக்கில் குழாய். நல்ல எண்ணத்தில்தான் வைத்தார்கள். பணமும் சேர்ந்தது. அவள் தேறி, முடி வளர்ந்து, பஸ் ஏற வந்தபோதும் அந்த ஃப்ளெக்ஸ் அங்கேயே தொங்கியது. அவள் அந்த ஸ்டாப்பை விட்டுவிட்டு அடுத்த ஸ்டாப்பில் போய் ஏற ஆரம்பித்தாள். நோயைவிட அந்தப் படம் அவளை அதிக நாள் படுத்தியது. நோய் வந்த பழைய படம் கல்யாணப் பேச்சு வரை துரத்துகிற ஊர் இது. பெயரின் முதலெழுத்து, வயது, நோய், மருத்துவமனை, தேவையான தொகை, கமிட்டியின் தொடர்பு எண் போதும். எச்.ஐ.வி. தொற்று உள்ளவர் என்றால் சம்மதமில்லாமல் அதை வெளியே சொல்ல 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை இருக்கிறது.

வாட்ஸ்ஆப்பும் வளைகுடாவும்

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளை எட்ட வாட்ஸ்ஆப்தான் வழி. செய்தியில் தேதி போடுங்கள், எப்போது முடியும் என்றும் போடுங்கள். தேதியில்லாத செய்தி ஐந்து வருடம் கழித்தும் சுற்றும். நல்ல செய்தியை எடுத்து, ஜிபே எண்ணையும் கியூஆர் படத்தையும் மட்டும் மாற்றி விடுகிற திருடர்கள் இருக்கிறார்கள். அதனால் பணம் அனுப்பும் முன் திரையில் தெரியும் பெயரைப் பார்க்கச் சொல்லி செய்தியிலேயே எழுதுங்கள். இதேபோன்ற செய்தி உங்களுக்கு வந்தால் மருத்துவமனைக்கோ அந்த ஊரில் தெரிந்தவருக்கோ ஒரு போன் போட்ட பிறகு அனுப்புங்கள்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே உரிமம் இல்லாமல் நன்கொடை வசூலிப்பது 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். துபாய் அறையில் இருந்துகொண்டு குழுவில் பணம் சேர்த்துக் கொடுக்கும் தம்பி, தெரியாமலே சிக்கலில் மாட்டுவான். அவனை வசூலிக்கச் சொல்லாதீர்கள். ஒவ்வொருவரும் தன் பணத்தைத் தானே வங்கி வழியாக ஊருக்கு அனுப்பட்டும். இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டவர் அனுப்புவதென்றால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

மிலாப், கெட்டோ போன்ற, பணம் திரட்டித் தரும் இணையத் தளங்களும் இருக்கின்றன. தளத்துக்கு எவ்வளவு கட்டணம், பணம் கைக்கு வர எத்தனை நாள், நேரே மருத்துவமனைக்குப் போகுமா என்று மூன்றையும் கேட்டுவிட்டு இறங்குங்கள். பத்து லட்சத்துக்குக் கீழே என்றால் உள்ளூரிலேயே முடியும் என்பது என் அனுபவம். அதற்கு மேலே போனால் தளம் தேவைப்படலாம்.

மிஞ்சினால், அல்லது மனிதரே போய்விட்டால்

2021-இல் கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் மாட்டூலில், எஸ்.எம்.ஏ. என்னும் முதுகெலும்புத் தசைநார் சிதைவு நோய் உள்ள ஒரு குழந்தையின் மருந்துக்கு 18 கோடி ரூபாய் கேட்டார்கள். 46 கோடிக்கு மேல் குவிந்தது. நம் ஊரில் கோடி வராது. ஆனால் கேட்டது இரண்டு லட்சம், வந்தது இரண்டரை என்பது நடக்கும். மிஞ்சியதை என்ன செய்வது என்று முதல் நோட்டீசிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். எங்கள் வரி இது: “தேவைக்கு மேல் வரும் தொகை இக்குடும்பத்தின் ஓராண்டுத் தொடர் மருந்துக்கும், அதன் பிறகு மிஞ்சினால் அடுத்த நோயாளிக்கும்.”

சிகிச்சை நடக்கும்போதே நோயாளி இறந்துபோவதும் உண்டு. யாரும் இதைப் பேச விரும்ப மாட்டார்கள், ஆனால் கமிட்டி மட்டும் தங்களுக்குள் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். கையிருப்பை உடனே வேறெங்கும் கொண்டுபோகாதீர்கள். ஆஸ்பத்திரி பாக்கி, உடலைக் கொண்டுவர ஆம்புலன்ஸ், பிறகு சிகிச்சைக்காக அந்த வீடு வாங்கிய வட்டிக்கடன். ஆள் போன வீட்டில் கடன்காரன் வந்து நிற்பதைத் தடுத்தால் அதுவும் இந்தப் பணத்தின் வேலைதான். நாற்பத்தொன்றாம் நாள் சடங்கு கழிந்த பிறகு கணக்கை வாசியுங்கள்.

குணமாகாத நோய்க்கும் பிரிவு வேண்டும். வலி தீர்க்கும் மருந்து, புண் கட்டும் துணி, படுக்கைப் புண் வராமல் தடுக்கும் மெத்தை. வட கேரளத்தில் வலி தணிப்புச் சேவை பல ஊர்களில் ஜனங்களின் சிறு மாதச் சந்தாவில்தான் நடந்துவருகிறது. இங்கே 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலியர் இருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள். நீண்ட நோய்க்கு ஒரே நாள் பெரிய பிரிவு சரிவராது. மாதம் 100 ரூபாய் தரும் ஐம்பது வீடுகளைப் பிடியுங்கள். மாதம் 5,000 ரூபாய் தவறாமல் போகும்.

சிகிச்சை முடிந்து ஆள் வீட்டுக்கு வந்ததும் ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்கு வரச் சொல்லியிருப்பார்கள். முதல் தடவை போவார்கள், இரண்டாம் தடவை வண்டிக்காசு இல்லாமல் தள்ளிப்போடுவார்கள், மூன்றாம் தடவை மறந்தே போகும். அதனால் எங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதிகளை மட்டும் எழுதி வைத்திருக்கிறோம். தையல் கடை அக்கா தேதிக்கு ஒரு வாரம் முன்பு போன் செய்வாள். வருகிற மாதம் இரண்டு பேர் திருவனந்தபுரம் போக வேண்டும். ஒருவருக்குக் காலை ரயில் போதும். இன்னொருவரால் அவ்வளவு நேரம் உட்கார முடியாது. ஆட்டோ ஸ்டாண்டில் சொல்லி வைத்திருக்கிறோம்.